வாங்கும்போது தெரியாதா?

கால்பந்தாட்டம் பார்க்கப் போகிற தொழிலாளி பந்தை மட்டும் பார்ப்பதில்லை. தன் ஊர்க் குழுவின் சட்டையை எவன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான் என்பதையும் பார்க்கிறான். அந்தச் சட்டை குழுவின் சொத்து என்று நிர்வாகி நினைக்கலாம். அது தன் ஊரின் மானம் என்றுதான் தொழிலாளி நினைக்கிறான்.

கறைபட்ட ஆட்டக்காரன் ஒருவனை ஒரு குழு விலை கொடுத்து வாங்கி வந்தால், அன்று மாலையே டீக்கடையில் வழக்கு தொடங்கிவிடுகிறது. "ஆள் எப்படியிருந்தால் என்ன, கோல் போடுகிறானா பார்" என்பார் ஒருவர். "அவனுக்கு நம் சட்டையா?" என்பார் மற்றவர். இருவரும் அந்த ஆளைப் பற்றியே பேசுவார்கள். கதவுக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்!

நாம் அவனைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். கறை யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்தக் கறையைத் தெரிந்தே வீட்டுக்குள் கொண்டுவந்தவன் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஊர் ஏமாறும். கேட்ட ஊர் ஒன்றின் கதையை முதலில் சொல்கிறோம்.

ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்று ஓர் ஊர். முதலாளிகள் வேதமாகக் கொண்டாடும் பொருளாதார நூலை எழுதிய ஆடம் ஸ்மித் பிறந்த ஊர். அங்குள்ள ரெய்த் ரோவர்ஸ் என்ற கால்பந்துக் குழு, 2022 ஜனவரி 31 அன்று டேவிட் குட்வில்லி என்ற ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றுக்காக ஒரு பெண் அவர்மீது வழக்குத் தொடுத்திருந்தார். அரசுத் தரப்பு குற்ற வழக்கை நடத்தாமல் விட்டுவிட்டதால், அந்தப் பெண் தாமே உரிமையியல் மன்றத்தின் படியேறினார். அவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டது உண்மைதான் என்று 2017இல் நீதிபதி தீர்ப்பளித்தார். ஒரு லட்சம் பவுன் இழப்பீடு கொடுக்கவும் ஆணையிட்டார். ஊரறிந்த தீர்ப்பு அது. குழுவின் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

கேட்டவர்களுக்கு நிர்வாகம் சொன்ன விடை என்ன? இது முதலாவதாக ஆட்டம் சம்பந்தப்பட்ட முடிவு என்றது. கோல் வேண்டும், அதனால் ஆள் வேண்டும். மற்றதைக் கேட்காதே என்பதுதான் அதன் பொருள்!

ஊர் ஒப்பவில்லை. அந்தக் குழுவின் பெண்கள் அணித் தலைவி பதவியைத் துறந்து வெளியேறினார். சட்டையில் தம் பெயரைப் போட்டுப் பணம் கொடுத்துவந்த எழுத்தாளர் வால் மெக்டெர்மிட், இனி ஒரு காசும் இல்லை என்றார். நிர்வாகக் குழுவிலிருந்தே விலகியவர்கள் உண்டு. நெடுங்கால ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிப்ரவரி 3 அன்று நிர்வாகம் பணிந்தது. தவறிவிட்டோம், அவரைக் களத்தில் இறக்கமாட்டோம் என்று அறிவித்தது. இடையில் ஓடியவை மூன்றே நாட்கள்!

கவனியுங்கள், தோழர்களே! அந்த மூன்று நாளில் மக்கள் அந்த ஆட்டக்காரரை மறுபடியும் கூண்டில் ஏற்றவில்லை. அவரைப் பற்றிய தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மக்கள் கூண்டில் ஏற்றியது நிர்வாகத்தை. "தெரிந்தும் ஏன் வாங்கினாய்?" என்பது ஒன்றே அவர்கள் கேட்ட கேள்வி.

இங்கே நல்ல மனம் படைத்த ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். "தவறு செய்தவன் திருந்தவே கூடாதா? சிறை மீண்டவனுக்கு வேலை கொடுக்காதே என்று உழைப்பாளியின் ஏடே சொல்லலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அப்படிச் சொல்லவில்லை. தண்டனை அனுபவித்துவிட்டு, செய்ததை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் முன் தலைகுனிந்து, உழைத்துப் பிழைக்க வருகிறவனுக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கிற நிர்வாகி ஊர் முன் நின்று, "இவனை இன்னின்ன காரணத்துக்காகச் சேர்த்தேன், இன்னின்ன நிபந்தனை விதித்தேன், இவன் தவறினால் நான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அவன் தோளில் நாமும் கை போடுவோம். சந்தடியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டால் "ஆட்டத்துக்காக" என்று முணுமுணுப்பது மறுவாழ்வு தருவதாகாது. அது வியாபாரம்!

சீமைக் கதை எதற்கு என்பீர்களானால், சென்னைக்கு வாருங்கள். 2013இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சூதாட்டப் புகார் வெடித்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவை நடத்திய நிறுவனத் தலைவரின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானார். குழுவின் அதிகாரி என்ற அட்டையோடு ஆட்டக்காரர்களுடன் வலம் வந்தவர் அவர். கைதானதும் என்ன சொன்னார்கள்? அவர் குழுவின் ஆளே அல்ல, வெறும் ஆர்வலர் என்றார்கள்! முத்கல் குழு அந்தக் கதையை ஏற்கவில்லை. அவர் குழுவின் அதிகாரிதான் என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலை 14 அன்று அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. அதோடு நிற்கவில்லை. அந்தக் குழுவையே இரண்டாண்டு ஒதுக்கி வைத்தது. வெற்றி வந்தால் நம் பிள்ளை, வினை வந்தால் எவன் பிள்ளையோ என்கிற வித்தை அன்று மன்றத்தில் எடுபடவில்லை.

இதுவரை சொன்னது விளையாட்டு. அங்கே போவது ஒரு கோப்பை, ஒரு சட்டை, ஓர் ஊரின் மானம். அதே கையெழுத்து ஓர் ஆலைக்காகப் போடப்பட்டால் போவது உழைப்பாளியின் உடம்பு. கறை தெரிந்தும் வாங்கியவனைக் கேள்வி கேட்க எத்தனை ஆண்டுகள் ஆகும், எத்தனை பேர் அலைய வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள நாம் கடல் கடக்க வேண்டாம். வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் போதும். பழனி மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் இருக்கிறது.

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் குறிஞ்சி மலரும் நினைவுக்கு வரும். அங்கே செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்காட்டின் விளிம்பில் ஓர் ஆலை இருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்கிற ஆலை. அது இந்த மலையில் பிறந்த ஆலையல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுவரப்பட்ட ஆலை. 1983இல் பாண்ட்ஸ் கம்பெனி அதை இங்கே நிறுத்தியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டரில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போனது. இடையிலே நடந்த வேலை மட்டும் நம் மலையில், நம் தொழிலாளியின் கையில்!

பாதரசம் எப்படிப்பட்ட பொருள்? பார்த்தால் வெள்ளிக் குழம்பு. தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம். ஆனால் தரையில் சிந்தினால், அடுப்பில் ஏற்றாமலே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மணக்காது. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இது நேற்றுத் தெரிந்த செய்தியல்ல. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் சிசோ கம்பெனி கடலில் கலந்த பாதரசக் கழிவு, மீன் வழியாக மனிதனுக்குள் புகுந்து கைகால்களை முறுக்கிப்போட்ட கொடுமை 1956லேயே வெளிப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? ரசம் நஞ்சு என்பதை நம் சித்த வைத்தியரும் அறிவார். சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கமாட்டார். வைத்தியருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாதா?

1987இல் பாண்ட்ஸ் கம்பெனியை உலகளவில் யூனிலீவர் வாங்கியது. அந்த வாங்கலோடு கொடைக்கானல் ஆலையும் இந்துஸ்தான் லீவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நாம் சொல்ல வந்த கையெழுத்து இதுதான். அந்த ஆலையை நாங்கள் தொடங்கவில்லை, வாங்கியபோது கூடவே வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க இனிக்கும்! ஆனால் 1987லிருந்து 2001 வரை பதினான்கு ஆண்டுகள் அந்த ஆலையின் இலாபம் யார் கணக்கில் ஏறியது? இலாபம் வரும்போது "எங்கள் ஆலை", பழி வரும்போது "கூட வந்த ஆலை" என்பது எந்த ஊர் நியாயம்? தோப்பை வாங்கியவன், அதிலுள்ள பாழுங்கிணற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். அதற்குச் சுவர் எழுப்பாமல் விட்டு ஒரு பிள்ளை விழுந்து செத்தால், கிணறு வெட்டியவனைத் தேடி ஓட முடியுமா?

2001 மார்ச்சில் குட்டு உடைந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடை. அங்கே பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது. ஆலையிலிருந்து பழைய சாமான் விலைக்கு வந்த சரக்கு! பழனிமலைப் பாதுகாப்புக் கழகத்தாரும், கிரீன்பீஸ் அமைப்பினரும், ஊர் மக்களும், ஆலைத் தொழிலாளரும் திரண்டார்கள். கம்பெனி என்ன சொன்னது? எங்கள் விதிமுறைகளை மீறி நடந்துவிட்டது என்றது. சென்னையில் கேட்ட "வெறும் ஆர்வலர்" என்ற அதே ராகம்! விதி உன்னுடையது; மீறியதும் உன் ஆலை. விதி எழுதிய காகிதம் ஆலையைக் காவல் காக்குமா?

அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவும் சரக்குமாக 290 டன் மூட்டை கட்டப்பட்டு, கப்பலில் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. வந்த வழியே திரும்பிப் போயிற்று. அப்படித் திருப்பி அனுப்பவைத்தது மக்களின் வெற்றிதான். ஆனால் மண்ணில் இறங்கியதையும் காற்றில் கலந்ததையும் எந்தக் கப்பலில் ஏற்றுவது? மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் எடுத்துச் சோதித்தார்கள். ஆலையால் ஏரி மாசுபட்டிருக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். ஆலைக்குக் கீழே கிடக்கும் பாம்பார் சோலை வெறும் காடல்ல. அங்கே ஊறும் தண்ணீர் மலையிறங்கிக் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பெரியகுளம் பக்கத்து மனிதன் குளிக்கிற தண்ணீர், கொடைக்கானல் முதலாளியின் வேலியோரமாக வருகிறது என்று பொருள்.

தொழிலாளியின் கதை இன்னும் நீளம். நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, பெண்களுக்குக் கருச்சிதைவு, தங்களோடு வேலை பார்த்தவர்களின் அகால மரணம் என்று பழைய தொழிலாளர்கள் முறையிட்டார்கள். ஆலை வேலையால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்பதே கம்பெனி விடாமல் சொல்லிவரும் விடை. நிபுணர் குழுக்களும் ஒரே குரலில் பேசவில்லை. நோயாளி படுக்கையில் கிடந்தான். அறிக்கைகள் ஒன்றோடொன்று வாதாடின. தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஆண்டுகள் ஓடின. 2015இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் "கொடைக்கானல் வோண்ட்" என்ற பாட்டைப் பாடி வெளியிட்டார். சில நாட்களிலேயே பல லட்சம் பேர் அதைக் கேட்டார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த பெரிய தலைவரே வாய் திறக்க நேர்ந்தது. 2016 மார்ச்சில் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. 591 பழைய தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. எவ்வளவு என்பதை வெளியே சொல்லவில்லை. மனிதாபிமானத்தால் தருகிறோம் என்றது. குற்றம் எங்களுடையது என்று சொல்லவில்லை.

கிர்க்கால்டியில் மூன்று நாள். கொடைக்கானலில் பதினைந்து ஆண்டு! ஏன் இந்த வேறுபாடு?

அங்கே கேள்வி கேட்டவர்களின் கையில் நிர்வாகத்தின் உயிர்நாடி இருந்தது. ரசிகன் வராவிட்டால் மைதானம் காலி. சட்டைக்குப் பணம் கொடுப்பவர் போனால் கல்லா காலி. ஆகவே கேள்வி கேட்ட வாய்க்கு உடனே விடை வந்தது. இங்கே கேள்வி கேட்டவன் கூலிக்காரன். கேட்டால் வேலை போகும். ஆலை மூடினாலும் அவனுக்குத்தான் வேலை போகும்! வாயைத் திறந்தாலும் பட்டினி, மூடினாலும் நோய் என்கிற இடத்தில் அவனை நிறுத்தி வைத்துவிட்டால், கேள்வி எழுவதற்கே ஆண்டுகள் பிடிக்கும். அப்படியும் எழுந்தது, சங்கம் இருந்ததால் எழுந்தது. தனி மனிதனின் நோய் மருத்துவச் சீட்டோடு முடிந்துவிடுகிறது. 591 பேரின் நோய் மன்றத்தில் வழக்காகிறது.

ஆட்டக்காரனையும் ஆலையையும் ஒன்றாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஒன்றாக்க முடியாது என்பது நமக்கும் தெரியும். ஆட்டக்காரன் மனிதன், மனம் திருந்த முடியும். பாதரசம் திருந்தாது. அதனால்தான் சொல்கிறோம். திருந்தக்கூடிய மனிதனைச் சேர்த்த நிர்வாகியே மூன்று நாளில் விடை சொல்ல வேண்டுமென்றால், திருந்தவே முடியாத நஞ்சைச் சேர்த்த நிர்வாகி எத்தனை மடங்கு விரைவில் விடை சொல்லியிருக்க வேண்டும்?

வழக்கு முடிந்துவிட்டது, மண் முடியவில்லை. ஆலை நிலத்தைத் துப்புரவு செய்வதற்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு வகுக்கப்பட்டது. தன் தாய்நாட்டில் இவ்வளவு தாராளத்தை அந்தக் கம்பெனி காட்ட முடியுமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நாமும் அதையே கேட்கிறோம். சோலைக்காட்டுக்கு இங்கிலாந்து மண்ணைவிட மட்டமான உயிரா இருக்கிறது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊரான் வீட்டுக் கூரையைக் காட்டுகிறவன் தன் வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும். கட்சித் தோழர்கள் படிக்கிற ஏடு இது; ஆகவே கட்சிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கட்சியும் ஒரு குழுதான். அதுவும் ஆள் சேர்க்கிறது, சட்டை மாட்டுகிறது, களத்தில் இறக்குகிறது. வழக்குகள் வரிசையாக நிற்கிற ஆளுக்குத் தேர்தலில் இடம் கொடுத்துவிட்டு, கேட்டால் "வெற்றி வாய்ப்பு" என்கிறார்கள். கிர்க்கால்டி நிர்வாகி சொன்ன "ஆட்டம் சம்பந்தப்பட்ட முடிவு" என்பதற்கும் இதற்கும் எழுத்துதான் வேறு!

2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சாக்கை அடைத்தது. குற்ற வழக்குள்ளவரை வேட்பாளராக்கினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறொருவரை ஏன் எடுக்கவில்லை என்பதைக் கட்சி ஊரறிய வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகாது என்றது. அந்த ஆண்டு பீகார் தேர்தலில் இதை ஒழுங்காகச் செய்யாததற்காக, 2021 ஆகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்கு அபராதம் விதித்தது. வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். போராட்டத்தில் வழக்கு வாங்கிய தோழர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அது பெருமைக்குரிய வழக்கு. அந்த வேறுபாட்டை ஊருக்கு விளக்கிச் சொல்லத்தான் கட்சி கடமைப்பட்டிருக்கிறது. மறியலில் வந்த வழக்கையும் நில அபகரிப்பில் வந்த வழக்கையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டுவது, இரண்டாவது ஆளுக்குத்தான் வசதி!

ஆகவே தோழர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆளைச் சேர்க்கிற குழுவானாலும், ஆலையை வாங்குகிற கம்பெனியானாலும், வேட்பாளரை நிறுத்துகிற கட்சியானாலும், சங்கத்துக்குச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டமானாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

வாங்கும்போது உனக்கு என்ன தெரியும்? யாரைக் கேட்டு வாங்கினாய்? கெட்டுப்போனால் யார் கொடுப்பது?

முதல் கேள்வி "தெரியாது" என்ற பொய்யை அறுக்கும். இரண்டாவது கேள்வி, பெண்கள் அணித் தலைவியையும், பட்டறைத் தொழிலாளியையும், கிளைத் தோழரையும் கேட்காமல் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வதை அறுக்கும். மூன்றாவது கேள்வி, இலாபத்தை ஒருவரும் நோயை வேறொருவரும் சுமக்கிற அநியாயத்தை அறுக்கும்.

இவற்றைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் மூன்று நாளிலும் விடை வரலாம், பதினைந்து ஆண்டிலும் வரலாம். பதினைந்து ஆண்டு காத்திருக்க மலைக்கு முடியும். மனிதனுக்கு முடியாது. கொடைக்கானலில் வழக்கு முடியுமுன்பே கண்மூடிய தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.